காயாத வெள்ளைச் சட்டை

தம்பி பெஞ்சமின் கடலுக்குப் போனது 1958ஆம் வருஷம் நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை காலை. பாய்மர வத்தைப் படகில் அவனோடு போனவன் சிலுவைமுத்து, எங்கள் தெருக் கடைசி வீட்டுச் சவேரியம்மாளுக்கு ஒரே பிள்ளை. இருவரும் சனிக்கிழமை விடியலில் கரைக்கு வந்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் பெஞ்சமின், போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான். நான் அடுப்படியில் அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வேணும். காலருக்குக் கஞ்சி போட்டு வையி. போன தடவ மாதிரி பலகையாக்கிக் கழுத்த அறுத்துறாத."

"கழுத்து எங்கன இருக்கு ஒங்களுக்கு? தல நேராத் தோள்லல்ல உக்காந்திருக்கு" என்றாள் லீமாரோஸ்.

"கேட்டியாக்கா இவ பேச்ச? வந்து வச்சிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் வீட்டில் பேசிய கடைசிப் பேச்சு அது.

லீமாரோஸ் அன்றைக்கே சட்டையைத் துவைத்து வெளியே போட்டாள். மத்தியானம் மேகம் கறுத்ததும் எடுத்து வந்து வீட்டுக்குள் கயிற்றில் போட்டாள். பொழுது சாயும்போது காற்று வடக்கே திரும்பி, ஓலைக் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. நாங்கள் இருவரும் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்த பிறகு நான் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவனுக்குப் பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தது நான்தான்.

சனிக்கிழமை வத்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை காற்று கொஞ்சம் தணிந்ததும் நாலு வத்தைகள் தேடிப் போய் வெறுமனே திரும்பின. ஜெபமாலை எட்டாவது வரை படித்தவள் என்று சொல்லிக் கடிதம் எழுதும் வேலையை என்னிடம் விட்டார்கள். தலைமன்னார்க் கோயில் சாமியாருக்கு ஒன்று, கோடியக்கரைக்கு ஒன்று. காவி போட்ட பாய், வத்தையின் மூக்கான முன்னணியத்தில் சிலுவை அடையாளம், ஆள் இருபத்தெட்டு வயது, மாநிறம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்று எல்லாம் வரிசையாக எழுதினேன். சிலுவைமுத்துக்கு என்ன அடையாளம் எழுதுவது என்று சவேரியம்மாளிடம் கேட்டதற்கு, "சிரிச்சா கண்ணு மூடிக்கிரும், அத எழுதுத்தா" என்றாள். அதையும் எழுதினேன்.

பத்தொன்பதாம் தேதி பாம்பன் பக்கம் ஒரு துடுப்பு ஒதுங்கியது. கைப்பிடியில் சிலுவைமுத்து கத்தியால் கீறிய பெயர் இருந்தது. இருபத்தெட்டாம் தேதி இரண்டு ஊரிலிருந்தும் பதில் வந்துவிட்டது. அப்படி யாரும் கரையேறவில்லை.

கடல் திருப்பித் தராத உடம்புக்கு எங்கள் கரையில் ஒரு முறை இருக்கிறது. அந்த ஆள் கடைசியாக உடம்பிலிருந்து கழற்றிய துணியைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து சிலுவை நடுவார்கள். அந்தத் துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரில் கிடப்பவனை மண்ணிலும் ஈரமாகப் படுக்க வைக்கக் கூடாது என்பார்கள். ஒரே வத்தையில் போனவர்கள் என்றால் ஒரே நாளில், ஒரே பெட்டியில்தான் அடக்கம். ஒருவனை விட்டு ஒருவனை மண்ணில் வைப்பது வழக்கமில்லை.

சிலுவைமுத்துவின் துணி, அவன் கழற்றி மடித்து வைத்த பனியனும் கைலியும், சவேரியம்மாளின் தகரப் பெட்டியில் காய்ந்தபடி இருந்தன. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்து, "என்னைக்கு வச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

லீமாரோஸ் தலையைத் தூக்காமல், "சட்ட இன்னும் காயல" என்றாள்.

உபதேசியார் கயிற்றைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சட்டையின் ஒரு கையைத் தொட்டார். ஈரமாகத்தான் இருந்தது. "மழக்காலம்தான. காயட்டும். காஞ்ச மறுநாள் வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அதன் பிறகு அந்தச் சட்டையைக் காயவைப்பதற்கு எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தேன். கயிற்றை அவிழ்த்து அடுப்புக்கு மேலே, புகை படாமல் சற்றுத் தள்ளிக் கட்டினேன். இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டாமல் விரிந்து நிற்க, தோள் வழியாக ஒரு பனை மட்டைக் குச்சியைச் செருகினேன். மழை விட்ட நேரமெல்லாம் முன்கதவையும் பின்கதவையும் திறந்து காற்று ஊடே போகும்படி செய்தேன். சாயங்காலம் தொட்டால் கிட்டத்தட்டக் காய்ந்த மாதிரி இருக்கும். காலையில் தொட்டால் பழையபடி பிசுபிசுக்கும். என் சேலை அதே கயிற்றில் இரண்டு நாளில் காய்ந்தது. லீமாவின் பாவாடை மூன்று நாளில் காய்ந்தது. இந்தச் சட்டை மட்டும் காயவில்லை.

ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "ஒரு சட்ட காயறதுக்குள்ள நோவா பேழையே கர தட்டிரும் போலயே."

"ஒன் வாய மூடி வச்சா அதுலயே பாதி ஈரம் கொறயும்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு என் கூடவே வீடு வரைக்கும் வந்தது.

சவேரியம்மாள் தினமும் வந்தாள். கருவாடு விற்றுப் பிழைத்தவள். மகன் போனதிலிருந்து இழுப்பு அதிகமாகி, நாலு வீடு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். வாசலில் நின்று, "காஞ்சிருச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் சட்டையைத் திருப்பிப் போட எடுத்தேன். பொத்தானைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நீலம் போட்ட துணியில் அது தனியாகத் தெரிந்தது. விரலால் தேய்த்தேன். நறநறத்தது. உப்புப் பிடித்த கருவாடு மழைக்காலத்தில் தானாக வேர்க்கும் என்பது எங்கள் கரையில் பிறந்த எவளுக்கும் தெரியும். அடுப்பு மேலே கட்டினாலும் வேர்க்கும். நான் சட்டையின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

பின்னால் லீமாரோஸ் நின்றுகொண்டிருந்தாள்.

"கடல் தண்ணியிலயா அலசுற?" என்று கேட்டேன்.

அவள் ஒளிக்கவில்லை. "மழத்தண்ணியில அலசுனா ரெண்டு நாள்ல காஞ்சிரும் மைனி" என்றாள்.

"தெனமுமா?"

"நீங்க ஊத்துக்குப் போற நேரத்துல. ஒரு முக்கு முக்கிப் புழிஞ்சு போட்டுருவேன்." சட்டையின் ஓரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "காஞ்சாத்தான மைனி அவுக செத்தாக. காயுற வரைக்கும் பூசைக்குப் போட வருவாகன்னு இருக்கலாம்ல?"

நான் திட்டுவேன் என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு உடம்பு இருந்தது. கையைத் தொட்டேன், காலைத் தொட்டேன், குளிர்ந்து போனதை நானே என் கையால் அறிந்தேன். இவளுக்குத் தொடுவதற்கு இந்தச் சட்டைதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சவேரியம்மாளின் மூச்சிரைப்பு கேட்டது. "காஞ்சிருச்சாத்தா?"

"இன்னும் ஈரமா இருக்கு அத்த" என்றேன் நான்.

மறுநாள் காலையில் லீமாரோஸ் எழுந்திருக்கும் முன் பானையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனது நானேதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் என் தம்பி. காயாமல் இருக்கட்டும் என்று எனக்கும் இருந்தது.

இப்படி நாலு நாள் போனது. ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மழை கொட்டும்போதே சவேரியம்மாள் வந்தாள். வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்துவிட்டாள். மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள். மேலே பனையோலைக் கொங்காணி போட்டிருந்தாள். அது மூட்டையைத்தான் மூடியிருந்தது, அவளை மூடவில்லை. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நேராகக் கயிற்றண்டை போய்ச் சட்டையைப் பிடித்தாள். முப்பது வருஷம் உப்பும் மீனும் அளைந்த கை. நாக்கில் வைத்துப் பார்க்க அவசியமில்லாமல் போனது. விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு லீமாரோஸைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏத்தா லீமா" என்றாள். கோபமே இல்லை. மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஒம் புருசன நீ நனைச்சு வச்சிருக்கிறது ஒன் இஷ்டம். எம் பிள்ளையும்ல கூட நனையிறான்."

லீமாரோஸ் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"நான் எத்தன நாளு இருப்பேன்னு தெரியல. அவன் காஞ்ச எடத்துல படுத்தான்னு பாத்துட்டுப் போறேன். வேற ஒண்ணும் கேக்கல." இதைச் சொல்லிவிட்டுச் சவேரியம்மாள் மூலையில் போய் உட்கார்ந்தாள். மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

பிறகு லீமாரோஸ் எழுந்து கயிற்றிலிருந்து சட்டையை உருவினாள்.

"மைனி, எறவாணத்துல வச்ச குடத்துல நல்ல தண்ணி நெறஞ்சிருக்கும். எடுத்துட்டு வாங்க. அத்த, சாயங்காலம் பெட்டியக் கொண்டாரச் சொல்றோம். நாளைக்கு வச்சிரலாம்."

மூன்று தண்ணீரில் அலசினாள். ஒவ்வொரு தண்ணீரையும் கொட்டும் முன் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முதல் தண்ணீர் கரித்தது. இரண்டாவது லேசாகக் கரித்தது. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அதன்பின் சோற்றுக் கஞ்சியில் தண்ணீர் விட்டு நன்றாகத் தெளிய வைத்து, காலரை மட்டும் அதில் நனைத்தாள். பலகையாகிவிடக் கூடாது என்று மறுபடியும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்ததை நான் பார்த்தேன்.

நான் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்ச் ஜுனைதாவிடம் கூடை கேட்டேன். அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பிள்ளைத் துணிகளைக் காயவைக்க அவள் வீட்டில் ஒரு பெரிய மூங்கில் கூடையைத் தணல் சட்டிமேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். என்ன எதற்கென்று கேட்டவள், சொன்னதும் கூடைமேல் கிடந்த துணிகளை அள்ளி மகள் மடியில் போட்டாள்.

"பிள்ள கொஞ்ச நேரம் அம்மணமாக் கெடக்கட்டும், குளிருக்கு அதுக்குத் தாய் இருக்கா. நீ கொண்டு போ ஜெபமால. செரட்டக் கரிய வெளியவே நல்லாக் கனிய விட்டு உள்ள கொண்டு போ. பொக இருந்தா வெள்ளத்துணி பழுத்துரும். அல்லா லேசாக்கித் தரட்டும்."

சட்டையைக் காய்ந்த பழைய சேலைக்குள் வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, ஒரு முனையை நான் பிடிக்க மறுமுனையை லீமாரோஸ் பிடித்து முறுக்கினோம். சேலை ஈரத்தை வாங்கிக்கொண்டது. இன்னொரு சேலையில் மறுபடியும் முறுக்கினோம். சிரட்டைக் கரி சாம்பல் பூத்துச் சிவந்ததும் சட்டியை உள்ளே வைத்துக் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டையை விரித்தோம். முதுகு, பிறகு நெஞ்சு, பிறகு கைகள், கடைசியில் காலர். ஒரு பக்கம் சூடேறியதும் அவள் தூக்க, நான் திருப்பிப் போட்டேன். கக்கத்தில் தையல் தடித்த இடம்தான் கடைசிவரை ஈரம் விடவில்லை. லீமாரோஸ் அந்த இடத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தணலுக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மூலையில் சவேரியம்மாள் அவ்வப்போது, "அவசரப்படாத, கருகிரும்" என்றாள்.

நாலு மணிவாக்கில் சட்டை காய்ந்துவிட்டது. ஒரு மாதம் காயாதது, ஒரு பகலுக்குள் மொடமொடவென்று ஆகிவிட்டது. லீமாரோஸ் பொத்தான்களைப் பூட்டி, கைகளைப் பின்னால் மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உபதேசியார் இரண்டு ஆட்களோடு பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். சவேரியம்மாள் தன் மூட்டையைப் பிரித்துப் பனியனையும் கைலியையும் பெட்டிக்குள் ஒரு பக்கமாக வைத்தாள். மறுபக்கம் காலியாக இருந்தது.

"சட்டையக் குடும்மா" என்றார் உபதேசியார்.

லீமாரோஸ் கொடுக்கவில்லை. காலருக்குக் கீழே கையை நுழைத்து வைத்திருந்தாள்.

"சூடா இருக்கு. இப்பத்தான் கழத்திக் குடுத்த மாதிரி இருக்கு. கொஞ்சம் ஆறட்டும்."

உபதேசியார் வெளியே போய் நின்றார். மழை தூறலாகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் லீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது.

"இன்னும் சூடு இருக்கு" என்றேன்.

சவேரியம்மாள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கையை நீட்டி, அவளும் சட்டையைத் தொட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

"ஆமாத்தா, இருக்கு" என்றாள். பிறகு உபதேசியாரைப் பார்த்து, "ஆறட்டும். கொஞ்ச நேரம் நில்லுங்க."