ஈரத் தரை

தலைவர் குளித்துக்கொண்டிருந்தபோது பதிவுத் தபால் வந்தது. அவர் மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். தொழிலாளர் நீதிமன்றத்து முத்திரை. அந்த வீட்டுக்கு அது ஒன்றும் புதிதில்லை. கல்யாணமான நாளிலிருந்து கோர்ட்டுக் கடுதாசியும் போலீஸ் சம்மனும் வந்து குவிந்த வீடு. உறவுக்காரர்களின் கடிதங்கள்தான் குறைவு. ஆனால் இதைப் பிரித்துப் படித்தவள் முன்னறை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஞ்சு மில்லில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன முப்பத்திரண்டு பெண்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாநகராட்சி சுகாதாரக் குழுவின் தலைவராக இருந்து அந்த மில்லைச் சோதித்தவர் என்ற முறையில், வருகிற வியாழக்கிழமை அவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பெண்களின் பட்டியல் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. முதல் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

அது வெண்கலத்தின் பெயர். நிஜப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. நாற்பது மெஷின் ஓடுகிற இரைச்சலைத் தாண்டி அந்தக் கோடியில் நிற்பவளிடம் ஊர்வம்பு பேசக்கூடிய குரல் மில்லிலேயே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. பதினைந்து வருஷம் இவளும் வெண்கலமும் அங்கே அடுத்தடுத்த மெஷினில் நின்றவர்கள். ஒருத்தி பிரசவத்துக்கு இன்னொருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடந்தவள். கோபம் வந்தால் ஒரு வாரம் பேசமாட்டார்கள், எட்டாம் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள்.

அவரை ஊரே தலைவர் என்றுதான் கூப்பிடும். மனைவியும் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துப்போயிற்று. அதே மில்லில் பஞ்சு பிரிக்கிற கூடத்தில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்தார். சங்கம் வைத்தார், வேலை போயிற்று. மூன்று தடவை ஜெயில், ஒரு தடவை போலீஸ் அடியில் முன்பல் இரண்டு. அப்புறம் கவுன்சிலர், தொடர்ந்து மூன்று முறை. குடிசைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார், குப்பை அள்ளுகிறவர்களுக்குக் கையுறையும் வாரத்தில் ஒரு நாள் லீவும் வாங்கிக்கொடுத்தார். சட்டைப் பைக்குள் பேனாவைத் தவிர வேறெதுவும் சேர்த்துக்கொள்ளாத மனுஷன், அதில் பொய்யில்லை. அத்தனை வருஷமும் வீட்டில் அடுப்பெரிந்தது அவள் மில்லுக்குப் போனதால்தான். அதையும் அவர் மேடையில் சொல்லுவார், ஜனம் கைதட்டும். கைதட்டல் அவருக்கு, ஷிப்ட் இவளுக்கு. இப்போது எழுபத்து நாலு வயசு. இன்னமும் காலையில் நாலு பேர் மனு எழுதிக்கொள்ள வந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் சங்கக் கட்டிடத்தில் புதுக் கூடம் திறக்கிறார்கள், அதில் அவர் படத்தை மாட்டப்போகிறார்களாம்.

துண்டோடு வந்தவர் கடிதத்தை நின்றபடியே படித்தார். மடித்து உறைக்குள் போட்டார். காலை மனுக்காரர்கள் வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

மறுநாளே வெண்கலம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. தலைவர் தெருவுக்கே இந்தக் கதியா என்று கேலி பண்ணிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் அந்த முப்பது வீட்டைக் கடப்பதற்குள் மூன்று வாசலில் உட்கார்ந்து எழுந்தாள். குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். இது மில்லு நோய் என்று தீர்ப்பானால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்ஸிஜனும் கிடைக்கும். மில்லுக்காரன் வக்கீலோ பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டுகிறான். காற்று சுத்தமாக இருந்ததென்று இவர்கள் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அப்புறம் என்ன நோய் என்று கேட்கிறான். கேட்டதில் தப்பும் இல்லை.

வெண்கலம் மகளைக் கையமர்த்தினாள்.

"அண்ணே, நீங்க பொய் எழுதுற ஆளு இல்ல. உங்க கண்ணக் கட்டிட்டானுங்க. அத மட்டும் வந்து சொல்லுங்க, போதும்."

தலைவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குக் காத்து சுத்தமாத்தாம்மா இருந்துச்சு."

"இருந்திருக்கும். எப்படி இருந்துச்சுன்னுதான் கேக்குறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எவளோ ஒருத்தி உள்ள இருந்துகிட்டு செஞ்சு குடுத்திருக்கா. அவ நெஞ்சும் என்னுது மாதிரி ஆகட்டும். நீ என்ன அண்ணி சொல்ற?"

வெந்நீர் ஆறிவிடும், முதலில் குடி என்றாள் இவள். டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தச் சோதனை நடந்த வருஷம் வேலைநிறுத்தமே தூசி உறிஞ்சுகிற மெஷினுக்காகத்தான். அது வேண்டுமென்று முதலில் வாயைத் திறந்தவளே வெண்கலம்தான். முதலாளி மில்லை இழுத்துப் பூட்டினான். ஐந்து மாதம். மாநகராட்சி சோதனை போட்டுத் தூசி இல்லை என்று எழுதிக்கொடுத்தால் திறக்கிறேன், இல்லாவிட்டால் இடத்தை விற்றுவிட்டுப் போகிறேன் என்றான். சோதனை நாளைக்கு முந்தின சாயங்காலம் மேஸ்திரி இவளிடம் ஆள் அனுப்பினான். காட்டுவதற்கு இரண்டு மெஷின் ஓட வேண்டும், ஆறு பேர் போதும், பின்பக்கக் கேட் வழியாக வா, யாரிடமும் சொல்லாதே. வீட்டில் குழந்தைகள் மூன்று. பெரியவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பசியில் சுருண்டு கிடந்தான். வெட்கக்கேடுதான். ஆனால் மறுநாள் காலையில் இவள் போனாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

மற்ற ஐந்து பேரை மெஷினில் நிறுத்தினான் மேஸ்திரி. அவள் கையில் மட்டும் வாளியைக் கொடுத்தான். பஞ்சுக் கூடத்தில் யாரும் தண்ணீர் காட்டமாட்டார்கள்; பஞ்சு ஒட்டிக்கொள்ளும், இரும்பு துருப்பிடிக்கும். தூசி எழும்பாமல் படுக்க வேண்டுமென்றால் மட்டும்தான் தெளிப்பார்கள். அவள் எட்டு வாளி தெளித்தாள். பத்து மணிக்கு அதிகாரிகளோடு தலைவர் உள்ளே வந்தார். வாசலிலேயே குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு ஓரமாக நின்ற ஈரப் பாதங்களைப் பார்த்தார். பிறகு முகத்தை. முதலாளி தரையையோ மெஷினையோ பார்க்கவில்லை, அவளையும் அவரையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாளியை ஏன் தன் கையில் கொடுத்தார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரம் என்று அவர் எழுதினால், தெளித்தது யார் என்ற கேள்வி வரும். வேலைநிறுத்தம் நடக்கும்போது தலைவர் பெண்டாட்டி பின்பக்கமாக உள்ளே போனாள் என்று ஊர் சிரிக்கும்.

அவர் கடந்து போய்விட்டார். சாயங்காலம் கேட்டில் நின்று, நானே உள்ளே போய்ப் பார்த்தேன், காற்று சுத்தமாக இருக்கிறது, தைரியமாக வேலைக்குப் போங்கள் என்று பேசினார். அண்ணன் சொன்னால் சரி என்று முதல் ஆளாக உள்ளே நடந்தவளும் வெண்கலம்தான். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த தேர்தலில் அவர் வாங்கியது போல் ஓட்டு அந்த வார்டில் யாரும் வாங்கியதில்லை. ஒரு மாதத்துக்குள் மேஸ்திரி இவளைத் தூசியே இல்லாத பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டான். தலைவர் செல்வாக்கு என்று மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அவள் நெஞ்சு இன்றைக்கும் சுத்தம், மாடிப்படி ஏறினால்கூட இரைக்காது.

அன்று வீட்டுக்கு வந்தும் இருவரும் அதைப் பேசவில்லை. பிறகு பேசாமலிருப்பதே பழகிவிட்டது. அவர் பெண்டாட்டிக்காக வாயை மூடிக்கொண்டாரா, பதவிக்காகவா என்று பல வருஷம் அவளை அரித்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் திருப்பி ஒன்று கேட்பாரே.

வியாழக்கிழமை காலை அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்து பின்னால் நின்றார்.

"நான் சொன்னா, யாருன்னு கேப்பாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவர் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். வலது கைப் பொத்தான் தளர்ந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்றாள்.

விசாரணை நடந்தது நீளமான ஓர் அறையில். ஒரு பக்கச் சுவரெல்லாம் கோப்புகள், நடுவில் விசாரணை அதிகாரியின் மேஜை, ஓரத்தில் தட்டச்சுக்காரர். முப்பத்திரண்டு பேரில் நடமாட முடிந்த பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். அறை முழுக்க மூச்சுச் சத்தம். வெண்கலம் தனக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவைத்திருந்தாள். இவள் உட்கார்ந்ததும் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். அண்ணி பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது என்றாள்.

தலைவர் சாட்சிக் கூண்டில் ஏறி ரிப்போர்ட்டைப் பார்த்தார், கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்.

"தரை ஈரமா இருந்துச்சு."

அதிகாரிக்குப் புரியவில்லை. தலைவர் விளக்கினார். பஞ்சுக் கூடத்தில் ஈரம் என்றால் என்ன அர்த்தம் என்று, மேடையில் பேசுகிற அதே நிதானத்தோடு. வாசலிலேயே தெரிந்துவிட்டது, தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றார். பின்வரிசையில் யாரோ அடப்பாவி என்றது எல்லோருக்கும் கேட்டது. மணிக்கட்டைப் பற்றியிருந்த வெண்கலத்தின் கை இறுகியது.

மில்லுக்காரன் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டான். ஐயா இத்தனை வருஷம் இதைச் சொல்லாததற்கு என்ன காரணம், ஐயாவுக்கு வயசு என்ன, மறதிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. கடைசியாக, "தண்ணி தெளிச்சது யாருங்கய்யா? ஒரு பேரு சொல்லுங்க, போதும்" என்றான்.

தலைவர் சட்டைப் பைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஞாபகம் இல்ல."

வக்கீல் சிரிக்காமல் உட்கார்ந்தான். சாட்சியின் வாய்வார்த்தை தவிர அரசு ஆவணத்துக்கு எதிராக வேறு ஆதாரம் எதுவும் இல்லை என்று அதிகாரி சொல்லச் சொல்லத் தட்டச்சு ஓட ஆரம்பித்தது.

வார்டில் யார் வீட்டு நாய்க்கு என்ன பேர் என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன். அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கூண்டிலிருந்து இறங்கக் கைப்பிடியைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. இனிமேல் அந்தக் கூடத்தில் படம் மாட்டமாட்டார்கள். இந்தப் பத்தொன்பது பேருக்கும் ஆக்ஸிஜன் கிடைக்கப்போவதில்லை. தான் ஒருத்தி மட்டும் நல்லவளாக எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஐயோ, எனக்காகத்தானா என்று மனசுக்குள் அழுதாள். அவளுக்கு வேண்டியிருந்த பதில் அதுதான், ஆனால் கிடைத்த இடம் இதுவாகப் போயிற்று.

எழுந்தாள். பிடித்திருந்த கையும் கூடவே உயர்ந்தது.

"நான்தாங்க தெளிச்சேன். எட்டு வாளி."

தட்டச்சு நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் யாரம்மா என்று கேட்டார். அவர் வீட்டுக்காரி என்றாள். தலைவர் கூண்டின் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்கலத்தின் முகத்தைக் குனிந்து பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மணிக்கட்டில் அந்தக் கை இருந்தது. இறுகவில்லை, விடவும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அது கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்ச நேரம் நின்று, கீழே இறங்கியது. முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார் தட்டச்சுக்காரர், விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு.