தீவுக்கு ஒருவர்

போர்ட் பிளேரில் மழைக்காலம் வந்தால் மூக்கடைக்காத வீடு கிடையாது. அதனால் மஸூதாவுக்கு மூக்கு அடைத்தபோது அவள் குடியிருந்த குட்வில் எஸ்டேட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் அப்துல் ரஹ்மான் தைலம் தேய்த்துவிட்டார். ரத்தம் வந்தபோது உடம்புச் சூடு என்றார்கள். ஒரு கண் பிதுங்கி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்த பிறகுதான் விழுந்தடித்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறினார்கள். மகள் ஷாஹினாவும் கூடப் போனாள்.

சென்னை டாக்டர் நல்ல மனிதர். மஸூதாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, மூக்குக்குப் பின்னால் புற்றுநோய் என்றும், மிக அபூர்வமான வகை என்றும், மிக வேகமாகப் பரவுவது என்றும் பக்குவமாகச் சொன்னார். எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டார் அப்துல் ரஹ்மான். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் வியாபாரி புத்தி, எண்ணிக்கை தெரியாமல் எதையும் கையில் வாங்காது. உங்கள் தீவுகள் மொத்தத்துக்கும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருவருக்கு வந்தால் அதிகம் என்றார் டாக்டர். மூளைப் பக்கம் ஏறிவிட்டதாம். சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

அபூர்வம் என்றதும் ஷாஹினாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது, பாவம். அபூர்வம் என்றால் லேசானது என்று நினைத்துவிட்டாள். அவள் வாப்பாவுக்கோ அது கெட்ட சேதி. யாரும் கேட்காத சரக்கை அவர் ஒருநாளும் கப்பலில் வரவழைத்ததில்லை. இத்தனை சொற்பப் பேருக்கு வருகிற நோய்க்கு எவன் மெனக்கெட்டு மருந்து தேடியிருப்பான்?

இனி மஸூதாவிடம் சொல்லியாக வேண்டும். அவளிடம் எதையும் மறைத்து அவர் ஜெயித்ததே இல்லை. லாட்ஜுக்கு வந்ததும் ஷாஹினாவைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். புற்றுநோய் என்ற சொல்லை எப்படியோ சொல்லிவிட்டார். மீதியை விட்டுவிட்டு, டாக்டர் சொன்ன கணக்கை மட்டும் ஒப்பித்தார்.

“தீவு மொத்தத்துக்கும் ஒருத்தருக்குத்தானா?” என்று கேட்டாள் மஸூதா.

“ஆமா.”

கப்பல் டிக்கெட்டோ கேஸ் சிலிண்டரோ, தீவுக்கு இவ்வளவு என்று அளந்து வருவதை வாங்கியே காலம் தள்ளியவள் அவள்.

“அப்ப நம்ம கோட்டா கத்தம், முடிஞ்சிருச்சு. ஷாஹினாவுக்கும் ஒரு மாசமா மூக்கடைப்புங்க. உங்ககிட்டச் சொல்லாம பயந்துக்கிட்டே கெடந்தேன். இனிமே அவளுக்கு வராதுல்ல?”

நோய் அப்படியெல்லாம் கோட்டா பார்க்காது என்று அவருக்குத் தெரியும். தான் பிழைப்போமா என்று அவள் கேட்கவே இல்லை. பிதுங்கிய கண்ணோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வராது” என்றார்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மஸூதா.