சொல்லப்படாத மறுப்புரை

கதிரவன் உச்சியினின்று மெல்லச் சாயத் தொடங்கிய பிற்பகலில், உயர்ந்த சாளரங்களின் வழியே சரிந்த ஒளியில் தூசு மிதக்க, உண்டு களைத்த உறுப்பினர் சிலர் கண்ணயர, ஏவலர் நீர்க்குவளைகளை ஓசையின்றி மாற்றிச் செல்ல, மழைக்கு முந்திய குளம்போல் அசைவற்றுக் கிடந்தது தலைநகரின் பேரவைக் கூடம். ஓர் அணையைக் கட்டுவதா வேண்டாமா என்பதே அன்று அங்கே முடிவாகவிருந்தது. அது எழுந்தால் வறண்ட கீழ்நாட்டு ஊர்கள் பலவும் குடிநீர் பெறும். ஆற்றங்கரைச் சாயத்தெரு முற்றாக நீருள் மறையும். அத்தெருவின் வாக்குகளால் அவைக்கு வந்த வழக்கறிஞர் பின்வரிசையில் தம் முறைக்குக் காத்திருந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில், நகக்கண்களில் நீலம் பாய்ந்த கைகளை மடியில் கோத்தபடி, அத்தெருவில் சாயப்பட்டறை நடத்தும் அவருடைய தமக்கையார் அமர்ந்திருந்தார்.

நூல்பல பயின்ற நண்பரே, இவர் நீதிமன்றத்தில் வழக்காடிய முறையை நீர் அறிதல் வேண்டும். எழுந்து நின்றதும் எதிர்த்தரப்பின் வாதத்தையே, அத்தரப்பினர் தாமே வியக்கும்படி, கல்மேற் கல்லடுக்கி மாளிகையாக எழுப்புவார். "ஐயா நம்ம பக்கம்தானே?" என்று அவருடைய கட்சிக்காரர் வியர்த்து வழிய, அவரிடம் பணிபுரியும் எழுத்தர் கொட்டாவி விட்டபடி, "பொறுங்க, இன்னும் கூரை போடல" என்பார். கூரையும் முடிந்தபின் வழக்கறிஞர் சற்றே நின்று பார்ப்பார், எந்தக் கல் ஆடுகிறதென்று கண்டு, அதை உருவுவார், மாளிகை சரியும். மறுப்புரையை அவர் முன்கூட்டி எண்ணியதே இல்லை. எழுப்பி முடித்த கணத்தில் அது தானே வாய்க்கும்.

அந்தத் திறம் அவரை நகரமன்றத்தில் அமர்த்தியது. சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் சந்தைக் குத்தகைக்கும் அவர் அப்படியே பேசினார். "நம்மளத் திட்டறாரா? அப்ப நமக்காகப் பேச ஆரம்பிச்சுட்டாரு" என்று ஊரார் சிரித்துக் காத்திருந்தனர். நகரத் தலைவரானார், பின் நாடே கேட்கும் அவைக்கும் வந்தார்.

முறை வந்தது. எழுந்தார். காய்ந்த ஆற்றுமணலைத் தோண்டி ஊறலுக்காகக் குடத்தோடு காத்திருக்கும் பெண்களையும், நீர்வண்டியின் ஓசைக்குப் பள்ளியை விட்டோடும் பிள்ளைகளையும் அவர் அவையோரின் கண்முன் நிறுத்தவே, உறங்கியோர் விழித்தனர். இருமனமாய் இருந்தோர் தலையசைத்தனர். கூரையின் கடைசி ஓடு வைக்கும்போது மணி ஒலித்தது.

"உறுப்பினர் உட்காரலாம். உங்க நேரம் முடிஞ்சது" என்றார் அவைத் தலைவர்.

"தலைவரே, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

அவை குலுங்கிச் சிரித்தது. ஒலிவாங்கி அடங்கியது.

வாக்கெடுப்புக்கு முந்திய இடைவேளையில், அணையைக் கொணர்ந்த அமைச்சர் நடைவழியில் அவர் தோளைத் தட்டி, "அண்ணே, எங்க ஆளுங்க மொத்தமும் சேர்ந்தாலும் இப்படிப் பேசியிருக்க மாட்டாங்க" என்று சொல்லிப் போனார். தமக்கையார் படியிறங்கி வந்தார்.

"டேய், யாருக்குடா பேசின?"

"அக்கா, இன்னும் பாதி இருக்கு."

"அது எங்க இருக்கு? வயித்துலயா?"

அவர் அந்தப் பாதியைத் தேடினார். வழக்கம்போல் மாளிகையைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு கல்லும் ஆடவில்லை. தமக்கையாரின் நீலக் கைகள் ஒருபுறமும், முகமறியாப் பெண்களின் வெறுங்குடங்கள் மறுபுறமும் நிற்க, காலம் போதாமையால் தோற்றோமா, மறுப்பே இல்லாமையால் தோற்றோமா என்பது அவருக்கு விளங்கவில்லை. மாற்றார் வாதத்தைப் பேசியபோது தம் குரல் நடித்ததா, உருகியதா என்பதும் தெரியவில்லை.

வாக்கெடுப்பில் அவர் கை அணைக்கு எதிராகவே உயர்ந்தது. ஆயினும் அவர் பேச்சால் மனம் மாறியோரின் கைகள் மறுபக்கம் உயர்ந்தன. சில வாக்குகளின் மிகுதியால் அணை வென்றது.

ஊர் திரும்பும் தொடர்வண்டியில் அவர் மெல்லத் தொடங்கினார்: "அக்கா, நான் சொல்ல வந்தது என்னன்னா... மொதல்ல அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"அதைத்தான் நல்லாச் சொல்லிட்டியே தம்பி. அதுக்கு அடுத்ததச் சொல்லு. எனக்கு மட்டுமாவது சொல்லு."

அவர் மீண்டும் வெறுங்குடங்களிலிருந்தே தொடங்கினார். தமக்கையார் சாளரத்தின் புறம் திரும்பிக்கொண்டார்.

பிறர் துயரைத் தன் துயராய்ப் பேச வல்ல நா பெரும்பேறு என்பர். அப்படிப் பேசியபின் தன் வீட்டிற்கு மீளும் வழி புலப்படாமல் நின்றவனை வள்ளல் என்பதோ, வஞ்சகன் என்பதோ, நண்பரே, அவர் அறியார். யாருக்காகப் பேசினான் என்பதையும் அந்த மறுபாதியையும் கேட்டிருந்த அந்த அம்மையாருக்கோ, இரண்டுமே கிடைக்கவில்லை. வண்டி மட்டும், எதற்கும் விடைகூறும் பொறுப்பின்றி, இருண்டுவரும் வயல்களினூடே விரைந்துகொண்டிருந்தது.