நானூறு கஜச் சுவர்

சோணாச்சல மில்லைத் திறந்துவைத்தவர் அமைச்சர் என்று வாசல் கல்வெட்டில் இருக்கிறது. கல்வெட்டுக்கு என்ன, சொன்னதை வெட்டிவிட்டுப் போவார்கள். மில்லைத் திறந்தது சுண்ணாம்பு. அதைக் கரைத்தவர்களில் நானும் ஒருத்தி. பெயர் பாஞ்சாலை, ரீலிங் பிரிவு, டோக்கன் நம்பர் இருநூற்றுப் பதினேழு.

என் புருஷன் பெயர் சகாதேவன். எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து பார்த்துப் பெயர் வைக்கிற வழக்கம் உண்டு, அதனால் இப்படி அமைந்துவிட்டது. மீதி நாலு பேர் எங்கே என்று மில்லில் என்னைக் கேட்காதவர் கிடையாது. ஒருத்தனுக்குச் சோறு வடிச்சே மாளல என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

மில் எண்பதாம் வருஷம் ஆவணியில் மூடியது. பஞ்சு விலை, மின்வெட்டு, முதலாளி வீட்டுப் பங்காளிச் சண்டை என்று மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றும் நிஜம்தான். ஆனால் அதே காரணங்களுக்காக மூடிய வேறு இரண்டு மில்களை அரசாங்கம் எடுத்து நடத்தத் தொடங்கிவிட்டது. அதில் ஒன்றில் வேலை செய்தவர்கள் தொண்ணூறே பேர். எங்களிடம் நானூற்றுப் பத்து பேர். ரீலிங்கில் மட்டும் அறுபத்திரண்டு பெண்கள். கைத்தறிக்காரர்களுக்குப் போகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுவது எங்கள் வேலை.

மூடிய பிறகு ஆம்பிளைகள் மூட்டை தூக்கினார்கள், சைக்கிளில் ஐஸ் விற்றார்கள். நாங்கள் கீழ்பென்னாத்தூர் மண்டிகளில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தோம். கட்டைவிரல் தோல் உரிந்து சோறு பிசையும்போது எரியும். எரிச்சலைவிட, இனி இப்படியே போய்விடுமோ என்ற பயம்தான் ஜாஸ்தி. பதினோரு வருஷம் சங்கு ஊதினதும் என் பெயரில் கார்டு எடுத்து, என் மிஷினில் போய் நின்றவள் நான். அந்த மிஷின் எனக்கு வேண்டும். வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பதினைந்து மாதத்தில் ஏழு மனு கொடுத்தோம். ஏழாவதை எடுத்துக்கொண்டு நானும் சந்திரம்மாளும் மெட்ராஸுக்கே போனோம். சந்திரம்மாள் எனக்குப் பக்கத்து மிஷின். அவள் பேச ஆரம்பித்தால் மிஷின் சத்தம் கேட்காது. துறை ஆபீஸில் மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அமைச்சர் டூரில் இருக்கிறார் என்றார்கள். படி இறங்கும்போது ஒரு குமாஸ்தா பின்னாலேயே வந்தார். முருகையன் என்று பெயர், நம்ம ஊர்ப் பக்கம்.

“அம்மா, உங்க ஃபைல் ஒரு வருசமா அதே ரேக்குலதான் கீது. இனிமே இதுக்காக பஸ் காசு செலவு பண்ணாதீங்க.”

“எங்க மேல அப்படி இன்னா கோவம்?” என்றேன்.

“கோவம் இல்லீங்க. உங்க மில் ஜனம் எப்பவும் எதிர்க்கட்சிக்குத்தான் போடும்னு இவங்களுக்குத் தெரியும். தொறந்து விட்டாலும் வராத ஓட்டு. எதிர்க்கட்சிக்கும் தெரியும், ஒண்ணும் செய்யலனாலும் வர்ற ஓட்டு. தெரிஞ்ச ஓட்டுக்கு யாருங்க மெனக்கெடுவாங்க?”

ஏழு மனுவிலும் எங்கள் கஷ்டத்தைத்தான் எழுதியிருந்தோம். கஷ்டத்தில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அது ஃபைலிலேயே இருக்கிறது. அவர்களுக்கு வரவேண்டிய சந்தேகம் வேறு என்று அந்தப் படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை திரும்பி வரும்போது, கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பஸ் ஜன்னலில் மலை தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் மில் சுவரும் வந்தது. மெட்ராஸிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சுவரைப் பார்க்காமல் ஊருக்குள் வர முடியாது. நானூறு கஜ நீளம், ஒன்றரை ஆள் உயரம். அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எதிர்க்கட்சியின் எழுத்து, கடைசியில் ‘ரிசர்வ் 80 முதல் 85 வரை’ என்று கட்டம் கட்டி. எழுதியவர் என் புருஷன். மில்லில் ஸ்பின்னிங் வேலை, கட்சிக்குச் சுவர் வேலை. அவர் போடும் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. நாங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவோம் என்று ஊருக்கெல்லாம் நாங்களே எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

தை மாதம் எங்கள் எம்.எல்.ஏ. காலமானார். இடைத்தேர்தல் வரும் என்று பேச்சு வந்த அன்றே ரீலிங் பெண்களைக் கூப்பிட்டேன். சந்திரம்மாளின் அண்ணன் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தார், நாலு வண்டி கல் அனுப்பினார். அடுத்த நாள் விடிந்ததும் அறுபத்திரண்டு பேரும் வாளியும் வெள்ளையடிக்கிற மட்டையுமாகச் சுவருக்குப் போனோம்.

முதல் கோட்டுக்குப் பிறகும் எழுத்து தெரிந்தது. என் புருஷன் வேலை சுத்தம், அதை மறுக்க முடியாது. மூன்றாவது கோட்டில்தான் முழுசாக மறைந்தது. மத்தியானம் அவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

“ஆறு நாள் எழுதினேன்,” என்றார்.

“ஆறு நாள் எழுதி இன்னா கெடச்சுது?” என்றேன். “மேல எவனுக்கும் நாம யார் பக்கம்னு தெரியக் கூடாது. ரெண்டு பேரும் வந்து கேக்கணும்.”

அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடவில்லை. ஆனாலும் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

முதலில் வந்தவர் எதிர்க்கட்சி நகரச் செயலாளர் வேணு. பல வருஷப் பழக்கம்.

“இன்னா பாஞ்சால, நம்ம சுவத்த இப்படிப் பண்ணிட்ட?”

“பதினேழு மாசமா மில் மூடிக் கீதுண்ணே. சுவரு ஞாபகம் இருந்துது, மில்லு ஞாபகம் இல்லியே உங்களுக்கு.”

அந்த வாரமே மில் வாசலில் பந்தல் போட்டு வேணு உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பத்து மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு ஜூஸ் குடித்தார். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

உண்ணாவிரதச் செய்தி பேப்பரில் வந்த மூன்றாம் நாள் அம்பாசடர் காரில் பரசுராமன் வந்தார். தேர்தல் வேலைக்காக ஆளுங்கட்சி மேலிடம் அனுப்பியிருந்த ஆள். காரை விட்டு இறங்கி, வெள்ளைச் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தே பார்த்தார். வியாபாரி ஒருவர் நிலத்தைப் பார்க்கிற பார்வை அது. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார். மில் வாசலில் எல்லாரையும் கூட்டினார். அரசாங்கம் மில்லை எடுத்துக்கொள்ளப்போகிறது, முந்நூற்று நாற்பத்தெட்டு பேருக்கு வேலை, வெள்ளிக்கிழமை தங்கள் தலைவர் வரும்போது சுவரில் ஆளுங்கட்சி எழுத்து இருக்கவேண்டும் என்றார். ஆம்பிளைகள் கை தட்டினார்கள். நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். நானூற்றுப் பத்தில் அறுபத்திரண்டு குறைந்தது.

“ரீலிங்?” என்றேன்.

“அது பழைய காலத்து வேலம்மா. இனிமே சிட்டம் கெடையாது,” என்றார் பரசுராமன். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க ஊட்டுக்காரருக்குத்தான் வேல வந்துடுச்சே. ஒரு ஊட்டுக்கு எதுக்கு ரெண்டு வேல?”

ஒரு வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தால் அந்த வீட்டு ஓட்டு மொத்தமும் வந்துவிடும். புருஷன் போடுகிற இடத்தில் பெண்டாட்டியும் போடுவாள். இதுதான் அவர்கள் போட்ட திட்டம். சந்திரம்மாள் ஏதோ கத்த ஆரம்பித்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆம்பிளைகள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. ஒத்துக்கலாம், வேலை கிடைத்தவர்களாவது உள்ளே போகலாம், பிறகு பெண்களுக்குப் பேசலாம் என்றார்கள். பிறகு என்று யாராவது சொன்னால் அது எப்போது என்று எனக்குத் தெரியும். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நேராக அவரிடமே போனேன்.

“இன்னாய்யா, போன தேர்தல்ல நான் யாருக்குப் போட்டேன்?”

“இது இன்னா கேள்வி? நம்ம கட்சிக்குத்தான்.”

“மலையப் பாத்து சத்தியம் பண்ணு.”

எங்கள் ஊருக்கு மலைதான் சாமி, அதைப் பார்த்துப் பொய்ச் சத்தியம் செய்கிறவன் கிடையாது. குடிகாரன்கூடச் செய்யமாட்டான். அவர் தலை நிமிர்ந்தது. சுவருக்கு மேலே, மில் புகைபோக்கிக்குப் பின்னால், மலை முழுசாக நின்றது. கையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டார்.

“எனக்கு எப்படித் தெரியும்,” என்றார் மெதுவாக. “நீ உள்ளாரப் போயி தனியாத்தானே குத்தின.”

சந்திரம்மாளுக்கு உடனே பிடிபட்டது. அவள் புருஷனைத் தேடிப் போய் அதே கேள்வி கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆள் நாலு அடி பின்னால் போய்விட்டார். அதற்குப் பிறகு வாசல் முழுக்க ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். புருஷன், அண்ணன், அப்பா, எவரும் சத்தியம் செய்யவில்லை. இத்தனை வருஷம் கொடி பிடித்த ஆம்பிளைகள், தங்கள் வீட்டில் எந்தக் கட்சி சமைத்துப் போடுகிறது என்று தெரியாமல் விழித்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற நேரம் அது இல்லை.

பரசுராமனிடம் திரும்பினேன்.

“பாத்துக்கினீங்களா சார்? இவங்களுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊட்டுக்கு ரெண்டு ஓட்டு, ரெண்டும் தனித்தனி. வியாழக்கிழம சாயங்காலத்துக்குள்ள ஆர்டர்ல ரீலிங் இருக்கணும். இருந்தா, உங்க தலைவர் வர்றப்ப சுவரு இப்படியே வெள்ளையா இருக்கும். எதிர்க்கட்சி எழுத்து ஒண்ணுகூட இருக்காது. இல்லன்னா வெள்ளிக்கிழம காலையில வேணு அண்ணன் கையில குடுத்துடுவோம், நானூறு கஜமும்.”

“அப்ப எங்க கட்சி எழுத்து?”

“யார் எழுத்தும் கெடையாது.”

அவர் காரில் ஏறினார். மறுநாள் காலை அவருடைய ஆட்கள் ஆறு பேர் வண்ணமும் ஏணியுமாக வந்து நின்றார்கள். எங்களைக் கேட்காமலே எழுதிவிடலாம் என்று நினைப்பு. ஏணியைச் சாய்க்கும்போது ஒரு குரல் கேட்டது.

“ஈரச் சுண்ணாம்புல எழுத்து நிக்காதுப்பா. பரவிடும்.”

என் புருஷன்தான். கையில் ஒரு வாளி, இன்னொரு கையில் மட்டை. சுவரில் பாதி தூரம் புதுக்கோட்டு ஈரமாகப் பளபளத்தது. விடியும் முன்பே வந்து தனியாளாக அடித்திருக்கிறார். என்னைப் பார்த்து, “காய விடாத பாஞ்சால. காஞ்சாத்தான் எழுத முடியும். ஈரம் இருக்கிற வரைக்கும் இது யாருக்கும் ஆவாது,” என்றார்.

முப்பது வருஷம் கழித்தும் அந்தக் காலையை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கல்யாணத்தன்றுகூட அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததா என்று தெரியாது.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் சுவரைக் காயவிடவில்லை. இந்த முனையில் அடித்து முடிக்கும்போது அந்த முனை உலர ஆரம்பிக்கும், திரும்பவும் போவோம். ஆம்பிளைகள் முதலில் ஓரமாக நின்று பார்த்தார்கள். புதன்கிழமை அவர்களும் வாளி எடுத்தார்கள். ஆறு எழுத்தாளர்களும் மர நிழலில் படுத்துத் தூங்கினார்கள். பாவம், அவர்களுக்கும் நாங்களே சோறு போட்டோம்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது உத்தரவு போட முடியாது என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வியாழக்கிழமை நாலு மணிக்கு அம்பாசடர் வந்தது. பரசுராமன் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் சந்திரம்மாளை உரக்கப் படிக்கச் சொன்னேன், அந்தக் குரல் எதற்கு இருக்கிறது. மில்லை அரசு ஏற்கிறது, தொழிலாளர் நானூற்றுப் பத்து, பிரிவுகள் மிக்ஸிங், கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங். ரீலிங் என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

“சிட்டம் பழைய காலத்து வேலன்னீங்களே சார்?” என்றேன்.

“தறிக்காரங்களும் ஓட்டுப் போடுறாங்கம்மா,” என்றார் பரசுராமன். அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

தலைவர் வந்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனார். தேர்தல் நடந்தது. யார் ஜெயித்தார் என்பது இங்கே வேண்டாம். ஜெயித்தவரும் நன்றி சொல்ல வந்தார், தோற்றவரும் விசாரிக்க வந்தார். அதற்கு முன் இரண்டு பேருமே வந்ததில்லை.

மில் திறந்த அன்றைக்குக் காலையில் என் புருஷன் வண்ணம் கரைத்துக்கொண்டு சுவருக்கு வந்தார். சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதினார்: ‘இந்தச் சுவர் ரீலிங் பெண்களுக்கு ரிசர்வ். 1982 முதல்’.

“எதுவரைக்கும்னு போட?” என்று ஏணியில் நின்றபடி கேட்டார்.

“அந்த எடத்தக் காலியா உடு.”

கட்டம் கட்டி முடித்து இறங்கினார். பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அப்ப போன தேர்தல்ல யாருக்குத்தான் போட்ட?” என்றார்.

இருபது மாதத்துக்குப் பிறகு சங்கு ஊதியது. அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி வாளியில் வைத்துவிட்டு, நான் என் மிஷினுக்குப் போனேன்.