எங்கள் தெருவுக்கு வரவிருந்த உப மந்திரி

மாத்தளை டவுனில் எத்தனையோ தெருக்கள் இருந்தாலும் சொந்தமாக ஒரு எம்.பி. வைத்திருந்தது எங்கள் தெரு மட்டும்தான். எதிர்வீட்டுக் கலந்தர்தான் அந்த எம்.பி. கொக்கோவும் சாதிக்காயும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவரை எலெக்‌ஷனில் இழுத்துவிட்டது பதுர்தீன் ஹாஜியார். ஹாஜியார்தான் கட்சியின் மாத்தளைக் கிளைத் தலைவர். எம்.பி.யை உண்டாக்கியது தான்தான் என்பதை அவர் மறந்ததுமில்லை, எங்களை மறக்க விட்டதுமில்லை.

நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் நடந்தது. கொழும்பில் ஒரு உப மந்திரிப் பதவி காலியாகியிருந்தது. "அது எங்கட கலந்தருக்குத்தான். மேலிடத்துல பேசி முடிச்சாச்சி" என்று ஹாஜியார் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலிலேயே சொல்லிவிட்டார். பதவி வருவதற்குள் அதிலிருந்து விழப்போகும் வேலைகளை நாங்கள் பங்கிட்டு முடித்துவிட்டோம். என் தங்கை மகனுக்கு பஸ் கொண்டக்டர். அவனும் விசில் ஊதிப் பழக ஆரம்பித்துவிட்டான்.

ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. அபின், கஞ்சாவை ஒழிக்க அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது. கலந்தர் அதை ஆதரித்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் ராசம்மா வந்தாள். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். விடிந்தும் விடியாததுமாக எம்.பி. வீட்டுக் கேற்றில் நின்றாள். எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் தேங்காய் திருவலை உடைந்துபோனது. இரவல் கேட்டு அங்கே போனேன்.

"கஞ்சாச் செடி நாங்க வெக்காமலே மொளைக்குதுங்க ஐயா" என்றாள். "எங்க லயத்து வீடுங்களுக்குப் பின்னால யாரோ வெதைச்சிட்டுப் போயிர்றாங்க. நாங்க புடுங்கிப் போட்டா மழைக்கு மறுபடி மொளைக்குது. போன மாசம் ஒத்தச் செடிக்கு எங்க வீட்டுக்காரர் முத்துவீரனுக்கு அபராதம் போட்டாங்க. புதுச் சட்டம் வந்தா அபராதமே கெடையாதாம், நேரா ரெண்டு வருஷம் உள்ளதான்னு கங்காணி சொல்றாரு. ஆம்பள ஜெயிலுக்குப் போனா தோட்டத்துத் தொரை நாங்க இருக்கிற காம்பராவையும் புடுங்கிருவாருங்க. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

கலந்தர் உள்ளே போய் மசோதாவை எடுத்து வந்து பதின்மூன்றாம் பிரிவை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கங்காணி சொன்னது சரிதான். வீட்டிலிருந்து இருபது கஜ தூரத்துக்குள் செடி நின்றால், அந்த வீட்டில் குடியிருப்பவன் குற்றவாளி. சிறை இரண்டு வருடம். நிலத்துக்குச் சொந்தக்காரன் யாரென்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை.

அன்று பின்னேரம் கலந்தர் பெரிய தெரு வைத்தியக் கடையிலிருந்து சிவப்புத் தாள் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். லேகியம்! கஞ்சா இலை சேர்த்து, நெய்யில் கிண்டி உருட்டிய அதே மதனமோதகம். மறுநாள் இன்னும் இரண்டு. அடுத்த நாள் நாலு. ஜன்னல் ஓரத்து மேசையில் அடுக்கி வைத்துப் பார்ப்பதும் முகர்வதுமாக இருந்தார். என் ஜன்னலும் அவருடைய ஜன்னலும் நேருக்கு நேர். நான் கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

"மதினி, நானாவுக்கு வயித்துல கோளாறு ஏதுமா?" என்று அவர் பெண்சாதி நூருன்னிஸாவிடம் கேட்டேன்.

"இல்லயே."

"அப்ப இந்த லேகியம்?"

"அவர் தின்றாரில்ல மதினி. சும்மா அடுக்கி வைக்கிறார்."

எந்தப் பெண்சாதிதான் தன் புருஷன் தின்கிறான் என்று சொல்லுவாள்? நான் மூன்றே மூன்று பேரிடம், அதுவும் யாரிடமும் சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் பல்லேபொல வரை தெரிந்துவிட்டது.

பதின்மூன்றாம் பிரிவை ஆதரிக்க முடியாதென்று கலந்தர் கட்சிக்குச் சொல்லியனுப்பியதும், ஹாஜியார் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார். அவர்கள் போட்ட சத்தத்துக்கு எனக்குத் திருவலை தேவைப்படவில்லை. வீட்டில் இருந்தே கேட்டது.

"ஒங்களுக்கு என்ன வந்திச்சி கலந்தர்? தோட்டத்து ஆளுக்காக என்னத்துக்கு அடிச்சிக்கிறீங்க? அவனுக்குப் பிரஜாவுரிமையும் இல்ல, ஓட்டும் இல்லயே! அவன் ஒரு பெட்டியில ஒரு புள்ளடி போடுவானா?"

"ஓட்டில்லாதவனுக்கு நான் பேசாட்டி வேற யாரு பேசுற?"

"லக்கலவுல ஏக்கர் கணக்கா நட்டு வெச்சீக்கிறானுகளே, அவனுகளப் பத்திப் பேசுங்க."

"அதத்தான் பேசப் போறன். லக்கலவுக்குப் பொலிஸ் ஜீப் ஏறாதாம், ரோட்டு சரியில்லயாம். லயத்துக்கு மட்டும் ஏறும்."

"உப மந்திரி வேல போயிடும், சொல்லிட்டன்!"

"போகட்டும்."

போகட்டுமாம்! என் தங்கை மகனின் விசிலை அப்போது நினைத்துக்கொண்டேன். தெரு முழுக்க அவரவர் பங்கை நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ஸலாம் சொன்னால் பாதிப் பேர் வாய்க்குள்ளேதான் பதில் சொன்னார்கள்.

பாராளுமன்றத்தில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் பேசியதையெல்லாம் அச்சடித்து எம்.பி.மாருக்கு அனுப்புகிற ஹன்சாட் புத்தகம் நூருன்னிஸாவின் தலையணைக்கடியில் இருந்தது. இரண்டு தடவை வாங்கி வாசித்தேன்.

கலந்தர் ஏழு பொட்டலங்களையும் மேசைமேல் வைத்திருக்கிறார். "இதற்குள் இருக்கும் இலைக்கு அரசாங்கமே அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. நான் கடையில் விலை கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் மீதியோடு ஸலாமும் கொடுத்தார். இதே இலை லயத்துக்குப் பின்னால் நின்றால் இரண்டு வருடம். முத்துவீரனுக்கு இந்த நாட்டில் ஒரு முழ நிலம் சொந்தமில்லை. காம்பரா தோட்டத்தினுடையது, மண் தோட்டத்தினுடையது, தேயிலை தோட்டத்தினுடையது. கஞ்சாச் செடி ஒன்று முளைத்தால் மட்டும் அது அவனுடையதா?"

அப்போது அவருடைய கட்சிக்காரரே ஒருவர் குறுக்கிட்டிருக்கிறார்: "கௌரவ அங்கத்தவர் அதைத் தின்றுவிட்டா பேசுகிறார்? மாத்தளை முழுவதும் அப்படித்தான் பேச்சு." (சிரிப்பு.)

அந்த 'சிரிப்பு' என்ற சொல்லை வாசித்தபோது எனக்குக் காது சுட்டது. மாத்தளை முழுவதும் என்றால் யார் ஆரம்பித்தது?

"தின்றிருக்கிறேன்" என்றார் கலந்தர். "என் கலியாணத்தன்று தின்றேன். நீங்கள் வந்திருந்தால் உங்களுக்கும் ஓர் உருண்டை கிடைத்திருக்கும். எத்தனை பொட்டலம் வாங்கினேன் என்று எண்ணிச் சொல்ல என் தெருவிலேயே ஆள் இருக்கிறது. ஊரே சொல்லியும் என்னைப் பிடிக்க ஜீப் வரவில்லையே, ஏன்? எனக்கு வீடிருக்கிறது, கடையிருக்கிறது, ஓட்டிருக்கிறது. பதின்மூன்றாம் பிரிவை எதிர்த்து வாக்களிப்பேன். கட்சி என்ன செய்யுமோ செய்யட்டும்."

வாக்கெடுப்பு வந்தபோது அவர் பக்கத்தில் நாலைந்து பேர் திடீரென்று தேநீர் தாகம் எடுத்து எழுந்து போய்விட்டார்கள். ஆள் போதாமல் பதின்மூன்றாம் பிரிவை மட்டும் ஒத்திவைத்தார்கள்.

நாலாம் நாள் ஹாஜியார் கட்சிக்காரர் சிலரோடும் தட்டச்சு அடித்த ஒரு கடிதத்தோடும் வந்தார். இந்தத் தடவை நூருன்னிஸாவே என்னைக் கூப்பிட்டாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு கை வேண்டுமென்று. நான் தட்டத்தோடு கதவடியில் நின்றுகொண்டேன்.

ஹாஜியார் கடிதத்தை வாசித்தார். சுகவீனத்தால் தவறான தகவலை நம்பிப் பேசிவிட்டேன், வருந்துகிறேன், பதின்மூன்றாம் பிரிவை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

"ஒரு கையெழுத்து. செவ்வாய்க்கிழம மறுபடி கொண்டாந்து பாஸ் பண்ணிடுவாங்க. அந்தப் பதவி இன்னும் காலியாத்தான் ஈக்கிது. இல்லாட்டி அடுத்த எலெக்‌ஷனுக்கு டிக்கட்டும் இல்ல, நானும் இல்ல."

கலந்தர் கையை நீட்டினார். "பேனையத் தாங்க."

ஹாஜியார் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. எனக்கும், ஏன் பொய் சொல்வானேன், தங்கை மகன் பஸ்ஸில் தொங்குவது கண்ணில் தெரிந்தது. நூருன்னிஸா மட்டும் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலந்தர் நிதானமாக எழுதினார். எழுதியது கையெழுத்தைவிட நீளமாக இருந்தது. ஹாஜியார் அதை வாங்கி வாசித்தார். பிறகு, நம்பாமல், சத்தம் போட்டும் வாசித்தார்:

"மேலே உள்ளது எதுவும் என் பேச்சு இல்லை. நான் பூரண சுகத்தோடு இருக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் எதிர்ப்பேன். கலந்தர்."

"நான் இத எப்படிக் கொண்டுபோய்க் குடுக்கிற?"

"கொண்டாந்த மாதிரியேதான் ஹாஜியார்" என்றாள் நூருன்னிஸா. அவ்வளவு பேர் முன்னால் அவள் வாய் திறந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஹாஜியார் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்தார். போகும்போது என்னைக் கேற்றடிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கட வாய் எட்டூருக்குக் கேக்கும். அவருக்கு லேகியம் மூளைக்கு ஏறிட்டு, என்ன எழுதுறோம்னு தெரியாம எழுதினார்னு நாலு பேருக்குச் சொல்லி விடுங்க. ஒங்கட தங்கச்சி மகன நான் பாத்துக்கொள்றன்."

கலந்தர் மேல் எனக்கு இருந்த கோபம் சின்னதல்ல. அதற்குப் பிறகும் கனகாலம் அந்தப் பையன் வேலையில்லாமல்தான் திரிந்தான். ஆனால் என் வாயால் அவரை ஏழு பொட்டலம் தின்ன வைத்தது போதும் என்று பட்டது.

"அந்தப் பொய்ய நீங்களே சொல்லுங்க ஹாஜியார்" என்றேன். "எனக்கு வேற சொல்ல ஈக்கிது."

பின்னேர அஸர் பாங்குக்கு முன்னால், கலந்தர் எழுதிய அந்த மூன்று வரியையும் ஓரெழுத்துப் பிசகாமல் தெருவின் கடைசி வீடு வரை நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.