விளக்கும் வெந்நீரும்

காலைக் காபியைக் கொல்லைப்புறத்தில் நின்று குடிப்பதுதான் காந்திமதியின் வழக்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவள் குடியிருந்த குவார்ட்டர்ஸிலிருந்து பார்த்தால், அனல்மின் நிலையத்தின் கூலிங் டவர்களிலிருந்து ஆவி எழுவது வேப்பமரங்களுக்கு மேலே தெரியும். வெயில் ஏற ஏற அது ரோஜா நிறமாகி, பிறகு வெளுத்து, எங்கேயோ போய்விடும்.

"இவ்வளவு சூடும் சும்மாவா போவுது?" என்று ஒருநாள் கணவர் சிவப்பிரகாசத்திடம் கேட்டாள். அவர் டர்பைன் பிரிவில் ஆபரேட்டர்.

"எரிக்கிற கரியில பாதிக்கு மேல இப்படித்தான் போவுது. மிச்சம்தான் கரண்ட்டு. குளிர் தேசத்துல இந்தச் சூட்டைக் குழாய் வழியா வீட்டு வீட்டுக்கு அனுப்புறாங்க. இங்க யாருக்கு வேணும் வெந்நீர்?"

"எனக்கு வேணும்" என்றாள் அவள். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒன்றுதான் கேட்கும். அவர் சிரித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

2012இல் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்தார்கள். டவுன்ஷிப்புக்குள் கரண்ட் போய் அவள் பார்த்ததில்லை. இங்கே அது வருவதே விருந்தாளி மாதிரி இருந்தது. அந்தியில் தெருவே இருளில் மூழ்கிக் கிடக்க, தூரத்தில் டவுன்ஷிப் விளக்குகளின் வெளிச்சம் மட்டும் வானத்தின் அடியில் பால் சிந்தியதுபோல் பரவியிருக்கும். அந்த நாட்களில் அவளுக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளை மேகம் ஒன்று டவரிலிருந்து இறங்கி, தெருத் தெருவாய் வீடு விசாரித்துக்கொண்டு வந்து, அவள் காலடியில் படுத்துக்கொள்ளும். முழங்கால் இதமாக இருக்கும். விழித்தால் விசிறி நின்றிருக்கும்.

ஹீட்டர் வேலை செய்யாததால் கொல்லையில் மூன்று கல்லை வைத்து முந்திரி விறகு எரித்தாள். ஒரு காலை, புகையில் கண் கலங்கி அவள் உட்கார்ந்திருப்பதைச் சிவப்பிரகாசம் பார்த்தார்.

"வேலையில இருந்த வரைக்கும் வானத்துக்குக் கரிப்புகையா அனுப்பினேன். ரிட்டயர் ஆயும் நம்ம வீட்டுக் கணக்குல புகை போவுதே, காந்தி."

"அப்ப ஏதாவது பண்ணுங்க" என்றாள் இருமிக்கொண்டே.

பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் மாடுகள் வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவள் கொட்டகைக்குப் பின்னால் சாணம் மலையாகக் குவிந்து கிடந்தது. சிவப்பிரகாசம் ஒரு வாரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மாணிக்கம்மாளிடம் விவரம் சொன்னார். சாணத்தைத் தொட்டியில் ஊறவைத்தால் எரிகிற வாயு வரும். அதில் ஒரு சின்ன எஞ்சினை ஓட்டினால் கரண்ட் கிடைக்கும். ஓடுகிற எஞ்சின் சூடாகும். அதைச் சுற்றி வரும் தண்ணீரைப் பிடித்தால் குளிக்கலாம்.

மாணிக்கம்மாள் மோவாயில் கைவைத்துக் கேட்டாள். "சாணி என்னுது, மிஷினு ஒங்களுது. கரண்டும் வெந்நீரும் ரெண்டு வூட்டுக்கும் வரணும். செரியா சார்?"

"சரி."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் தொட்டி கட்டினார்கள். வடலூர் லேத் பட்டறையிலிருந்து ஒரு பழைய எஞ்சினை வாங்கி வந்து வாயுவில் ஓடும்படி மாற்றினார் சிவப்பிரகாசம். முதல்நாள் மாலை அதைக் கிளப்பியதும் இரண்டு வீட்டிலும் விளக்கு எரிந்தது. கூடவே சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. காந்திமதி குழாயைத் திறந்தாள். வெதுவெதுப்பாகத்தான் வந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாணிக்கம்மாள் காலிச் சொம்போடு வந்து நின்றாள்.

"மாடு கண்ண உருட்டிக்கினு நிக்குது சார். பால அடக்கிக்கிச்சு. வெளக்கு இல்லாட்டி பரவால்ல, எனக்குப் பால் வேணும். நிறுத்திடுங்க."

அவர் நிறுத்தினார். மறுபடி முந்திரி விறகு, மறுபடி புகை. எஞ்சின் மேல் கோணி போர்த்திக் கிடந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில் அவர் அதை மீண்டும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். காந்திமதி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை சத்தத்திலும் அவளுக்குக் கண் சொக்கியது. கை தற்செயலாகப் புகைக்குழாய்ப் பக்கம் போக, அனல் சுரீரென்று அடித்தது.

"என்னங்க, தண்ணி சுத்துற எடத்துல மட்டும்தானே சூட்ட எடுக்குறீங்க? இந்தக் குழாயில போறது?"

"அது புகை."

"புகையா இருந்தா என்ன, சூடுதானே. இதையும் சும்மா வானத்துக்கு அனுப்புறீங்களே."

சிவப்பிரகாசம் அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, மழையிலேயே நனைந்துகொண்டு டிரம் தேடிப் போனார். புகைக்குழாயை நீளமாக்கி, தண்ணீர் டிரம்முக்குள் சுருள் சுருளாக வளைத்து, அப்புறம் வெளியே விட்டார். எஞ்சினைச் சுற்றிச் செங்கல்லில் சின்ன அறை எழுப்பினார்.

அடுத்து எஞ்சினைக் கிளப்பிய மாலை, இடிபோல் வந்த சத்தம் டிரம்முக்குள் போய் அமுங்கி, யாரோ பக்கத்து அறையில் குறட்டை விடுவதுபோல் ஆகிவிட்டது. சூடு புகையிலிருந்து தண்ணீருக்கு இறங்கியதும் சத்தமும் சேர்ந்து இறங்கிவிட்டது என்றுதான் காந்திமதிக்குத் தோன்றியது. மூவரும் கொட்டகைக்கு வந்தார்கள். மாணிக்கம்மாள் மாட்டின் மடியில் கைவைத்தாள். மாடு ஒருமுறை காதை ஆட்டியது. சொம்பில் முதல் பீச்சு விழுந்தது.

"வுட்டுடுச்சு, வுட்டுடுச்சு!" என்றாள் மாணிக்கம்மாள், சிரித்துக்கொண்டு.

அன்று காந்திமதி கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் குளித்தாள். ஆவி குளியலறையை நிறைத்து, சுவர்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாமல் செய்தது. தண்ணீர் முழங்காலில் வழிய வழிய, உடம்பு தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. வெளியே வந்தபோது வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பிரகாசம் கொல்லையில் அடுப்புக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே நெருப்பு, ரெண்டு வேலை" என்றார். "வெளியே கெடந்து மக்குன சாணத்துல இருந்து வாயு தானா மேல போய்க்கினு இருந்தது. அது வானத்துக்குப் புகையவிடக் கெடுதல். இப்ப அதுவும் அடங்கிச்சு."

மார்கழியில் மாணிக்கம்மாளின் மாடுகளில் ஒன்று கன்று ஈன்றது. விடியற்பனி கொட்டகைக்குள் வெள்ளையாகப் புகுந்திருந்தது. காந்திமதி வாளி வாளியாக வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். கன்று நடுங்கிக்கொண்டே எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தாயைச் சுற்றி வந்தது. வயிறு நிறையப் பால் குடித்தபின் தள்ளாடி நடந்து, கொட்டகையை ஒட்டிய எஞ்சின் அறையின் செங்கல் சுவரைக் கண்டுபிடித்தது. அங்கே ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"பார்த்தியாக்கா, சூடு எங்க கீதுன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் மாணிக்கம்மாள்.

காந்திமதியும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சீராக முனகிக்கொண்டிருந்தது. கன்றின் மூச்சு அவள் புறங்கையில் பட்டுப் பட்டுப் போனது. பனி கலையும்வரை அவளும் கன்றும் தூங்கினார்கள்.