நான் எழுதாத பதில்

"நீங்கதான் வேண்டாம்னு எழுதிட்டீங்களே மேடம்" என்றார் மருத்துவமனையின் பணியாளர் பிரிவிலிருந்து பேசிய பெண்.

மூன்று வாரம் காத்திருந்து, பொறுமை தீர்ந்து, செவ்வாய்க்கிழமை மதியம் நானே போன் செய்திருந்தேன். பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் ஒரு வேலை. நேர்காணல் நன்றாகவே நடந்தது. பதினாறு வருடமாகக் காது மிஷின் விற்கும் கடையின் பின்னறையில் அரைநாள் வேலை பார்க்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் சத்தம் கொடுத்து, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வது என் தொழில். நான் ஆசைப்பட்டுப் படித்தது பச்சைக் குழந்தைகளின் காதைப் பற்றி. செய்வதோ மிஷின் விற்பனைக்கு ஒத்தாசை. படித்ததை ஒருமுறையாவது செய்துபார்க்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

"நான் எதுவும் எழுதலையே" என்றேன்.

அவர் படித்துக்காட்டினார். 'குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தங்கள் வாய்ப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். தங்கள் மேலான கவனத்திற்கு நன்றி.' கீழே என் பெயர். 'மேலான கவனம்' என்று நான் என் ஆயுளில் எழுதியதில்லை. அப்படி எழுதுகிற ஒருவரோடு இருபத்திரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இடம் இன்னும் நிரம்பவில்லையாம். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள விண்ணப்பப் பக்கத்துல போய் சம்மதம் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்றார்.

எங்கள் வீட்டுக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி. என் கணவர் பெயர், ஒரு புள்ளி, பிறகு 'குடும்பம்'. மகள் பிறந்த வருடம் இவர் உருவாக்கியது. மகள் விடுதிக்குப் போன அன்றே தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒன்று வேண்டுமென்றபோது, எதற்கு இரண்டு என்று இவர் கேட்டார். எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம். வங்கி, தொழில் பதிவு, நூலகம், ரயில் டிக்கெட், கண் டாக்டர் எல்லாமே அந்த ஒரே வாசல் வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்தன.

இவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்புப் பிரிவின் மேலாளர். வீட்டு மின்னஞ்சலையும் விடமாட்டார். 'அலுவலகம்', 'வீடு', 'மகள்' என்று பிரித்துப் பிரித்து அடுக்கிவைப்பார். கடையில் நின்றபடியே கைப்பேசியில் தேடினேன். என் வேலை உத்தரவு 'மற்றவை'யில் கிடந்தது, ஒரு போர்வைக் கடையின் தள்ளுபடி விளம்பரத்துக்குக் கீழே.

இவர் அனுப்பிய பதிலும் அப்படியே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே இவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

அன்று மாலை இவர் வந்ததும் கேட்டேன். "அந்தப் பதிலை எதுக்கு எழுதினீங்க?"

"எது, அந்த ஆஸ்பத்திரியா?" சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ரெண்டு பஸ் மாறணும். காலைல ஆறரைக்கே அங்க இருக்கணும். உனக்கு ஒத்துவராதுன்னு நானே எழுதிட்டேன்."

ஏதோ எனக்கு உபகாரம் செய்துவிட்டது போல் பேசினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதே அளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் குடும்ப முகவரியை என் கைப்பேசியிலிருந்து எடுத்தேன். வீட்டுக் கணினியிலிருந்தும் வெளியேறினேன். பிறகு எனக்கென்று புதிதாக ஒன்று தொடங்கினேன். என் பெயர் மட்டும். பத்து நிமிட வேலை. இதற்கா இருபது வருடம்?

மருத்துவமனைப் பக்கத்தில் புது முகவரியைக் கொடுத்தேன். 'உங்கள் பழைய முகவரிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியுள்ளோம்' என்றது. அந்த எண் இல்லாமல் சம்மதமும் கொடுக்க முடியாது. பழைய முகவரிக்குள் திரும்பப் போனேன். கடவுச்சொல் சரிதான், ஆனால் யாரோ புதிதாக நுழைகிறார்களே என்று அதற்குச் சந்தேகம். உறுதிசெய்ய ஓர் எண்ணை என் கணவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

புதன்கிழமை மருத்துவமனைக்கு மறுபடி போன் செய்தேன். நேரில் வந்தால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன்.

"நேர்ல வந்தாலும் பழைய மெயிலுக்கு வர்ற நம்பர் வேணும் மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான்."

என் பாதுகாப்புக்காம். வேறொருவர் என் பெயரைப் போட்டு என் வேலையை உதறியபோது இந்தப் பாதுகாப்பு எந்த ஊருக்குப் போயிருந்தது? நானே என் அடையாள அட்டையோடு போய் நின்றால் நான் நானில்லை. இவர் கைப்பேசியைத் தட்டினால் இவர்தான் நான்.

என் நாத்தனார் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் இருக்கிறாள். அவளிடம் கொட்டித் தீர்த்தேன். கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

"சாமானை எடுக்காம சாவியக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே அண்ணி. எல்லா இடத்துலயும் புது மெயிலக் குடுத்து, அது வேலை செய்யுதான்னு பாத்துட்டுதான் பழசை விட்டு வரணும். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் அது திறந்தே கிடக்கட்டும்."

"இப்போ என்ன பண்றது?"

"அண்ணன் போனுக்கு வர்ற நம்பர் ஒரே ஒரு தடவை வேணும். உள்ள போயிட்டா மிச்சத்த நீங்களே பாத்துக்கலாம். நாளைக்கு சாயங்காலம் நான் வர்றேன்."

வியாழக்கிழமை மாலை மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் பழைய முகவரிக்குள் நுழைய முயன்றதும் இவர் கைப்பேசி முனகியது. எடுத்துப் பார்த்தார். பிறகு மேசைமேல் கவிழ்த்துவைத்தார்.

"பத்து நிமிஷம்தான்ணா செல்லும்" என்றாள் நாத்தனார்.

"அவசரம் எதுக்கு? அவ இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டுமே."

கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்று சாதிப்பவர்கள் என் கூண்டுக்குள் வருவதுண்டு. அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அதே சத்தத்தை, அதே அளவில், திரும்பத் திரும்பக் கொடுப்பேன். உண்மையிலேயே கேட்காதவர்களிடம் பதில் பெரிதாக மாறாது. நடிப்பவர்களுக்குத் தாங்கள் முன்பு எங்கே அழுத்தினோம் என்று நினைவிருக்காது.

"அந்தப் பதிலை எதுக்கு எழுதினீங்க?" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

"உன் முதுகுவலிக்காகத்தான். நாள் முழுக்க நிக்க முடியுமா உன்னால?"

"முந்தாநாள் பஸ்னு சொன்னீங்க. எதுக்கு எழுதினீங்க?"

"வீட்டை யார் பாக்கிறது? நான் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கணுமா?"

"எதுக்கு எழுதினீங்க?"

தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளவில்லை. இவர் கவிழ்ந்து கிடந்த கைப்பேசியை விரலால் நகர்த்தினார், மீண்டும் பழைய இடத்துக்கே இழுத்தார்.

"அங்க போயிட்டா நீ என்கிட்ட எதுவும் கேக்க மாட்டே" என்றார். "இப்பவாவது ஒரு மெயில் வந்துச்சா, ஒரு டிக்கெட் போடணுமான்னு கேக்குற."

எனக்குப் பாவமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. தன் பயத்துக்கு மருந்தாக என் வேலையை அரைத்துக் குடித்திருக்கிறாரே.

"நான் கேக்கணும்கிறதுக்காக என் கையெழுத்தை நீங்க போடுவீங்களா? உங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படிப் பண்ணியிருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க? 'மேலான கவனத்திற்கு நன்றி'ன்னா?"

போன வருடம் இதே காரியத்துக்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைத்தவர் இவர்தான். கைப்பேசியைத் திருப்பினார். ஒவ்வோர் எண்ணாக, கோப்பு எண் படிக்கிற அதே குரலில் படித்தார்.

பழைய முகவரிக்குள் போனேன். மருத்துவமனைப் பக்கத்தில் மறுபடி எண் கேட்டு எடுத்தேன், முகவரியை மாற்றினேன். பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம். 'பழைய முகவரிக்கும் ஒரு நகல் அனுப்பவும்.' யாரும் கேட்காமலே அதில் டிக் போட்டிருந்தார்கள். நான் எடுத்துவிட்டேன்.

இவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ உனக்கு என்ன வருதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"நான் சொன்னாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சம்மதத்தை அழுத்தினேன்.